பாதியில் நின்ற குழாய்: வடசென்னைச் சுகாதாரத்தின் நூற்றாண்டுக் கணக்கு

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. ஆனால் அந்த ஆற்றின் நல்ல தண்ணீரில் ஒரு பெரும்பங்கு எண்ணூர் வரை வருவதில்லை. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திரும்பி, கீழ்ப்பாக்கம் வழியாகச் சென்னை நகரத்துக்குள் போய்விடுகிறது. 1872 முதல் நடக்கும் ஏற்பாடு இது. நகரம் பயன்படுத்தித் தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதியோ ஓட்டேரி நல்லாவிலும் பக்கிங்காம் கால்வாயிலும் விழுந்து, வடக்கே ஊர்ந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து சேர்கிறது. நல்லது மேலேயே பிரிந்துபோக, கழிவு கீழே வந்து தேங்கும் இந்த நிலத்தில்தான் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று வடசென்னையின் தொழிற்பட்டை வளர்ந்தது. அங்கே நோய் ஏன் அதிகம் என்று யாரைக் கேட்டாலும் நெரிசல், வறுமை, அசுத்தம் என்று பதில் வரும். இவை மூன்றும் உண்மைதான். ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இரண்டு தனித்தனித் திட்டங்கள் அல்ல, ஒரே உடல்நலக் கருவியின் இரண்டு பாதிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அந்தக் கருவியைச் சரியாகவே வடிவமைத்தது. ஆனால் ஒரு பாதியை முன்னும் மறு பாதியைப் பின்னுமாகப் பொருத்தியது. பொருத்தியதையும் நகர எல்லைக் கோட்டோடு நிறுத்திக்கொண்டது. வடசென்னை இன்றுவரை அனுபவிக்கும் நோய்களில் பல அந்தப் பாதி வேலையின் விளைவுகள்.

முதலில் தண்ணீர் வந்த வரலாற்றைப் பார்ப்போம். சென்னையில் அமைப்பாக நடந்த முதல் நீர் வழங்கல், 1772இல் தோண்டப்பட்ட ஏழு கிணறுகளிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனது. கிணறுகள் இருந்தது பெத்தநாயக்கன்பேட்டையில், தண்ணீர் போனது கோட்டைக்குள். கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள் தங்கள் தெருக் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, வில்லியம் ஃபிரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி புழல் தண்ணீர் திறந்த கால்வாயில் நகருக்கு வந்தது. அது வடிகட்டப்படாத தண்ணீர். ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கம் வரும் வழியெங்கும் ஆடு மாடும் மழைச் சேறும் கலக்கலாம். ஆனாலும் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்பதே பெரிய மாற்றம். அந்தத் தண்ணீர் பயன்பட்ட பிறகு எங்கே போவது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. சாக்கடைத் திட்டங்கள் 1860களிலேயே எழுதப்பட்டன, விவாதிக்கப்பட்டன, செலவைச் சொல்லித் தள்ளிப் போடப்பட்டன. இடைப்பட்ட பல பத்தாண்டுகள், வீட்டுக் கழிவுநீர் தெருவோரத் திறந்த ஓடையில் நின்றது. எடுப்புக் கக்கூஸ்களின் மலத்தை மனிதர்களே வாளியிலும் வண்டியிலும் சுமந்தார்கள். அந்த வேலை எந்தச் சாதிகளின் மேல் சுமத்தப்பட்டது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நகரத்தின் சுகாதார இயந்திரம் குழாய் இல்லாத இடத்தில் மனித முதுகைக் கொண்டு இயங்கியது.

1914ஆம் ஆண்டு ஒரு திருப்பம். மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி வகுத்த திட்டப்படி கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. தியாகராய நகரின் மேட்லி சாலை இவர் பெயரைத்தான் தாங்குகிறது. திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய செங்கல் வழி வந்தது. மெதுமணல் வடிகட்டிகள் வந்தன. இவற்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நூற்றுக்கணக்கான ஊர்களில் வாந்திபேதியை அடக்கிய கருவி இதுதான். ஒரு பெரிய தொட்டி. அடியில் சரளை, அதன்மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நுண்மணல், அதற்கும் மேல் ஏரித் தண்ணீர். தண்ணீர் மணலுக்குள் மணிக்குப் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. மணல் சல்லடைபோல் கிருமியைத் தடுப்பதாக நினைத்தால் அது தவறு. பாக்டீரியாக்கள் மணலின் இடைவெளிகளைவிட மிகச் சிறியவை, சுலபமாக நுழைந்துவிடும். உண்மையான வேலையைச் செய்வது மணலின் மேற்பரப்பில் சில நாட்களில் படரும் வழவழப்பான ஒரு உயிர்ப்படலம். பாசியும் பாக்டீரியாவும் ஒற்றைச்செல் உயிரிகளும் சேர்ந்த அந்தப் படலம், தண்ணீரோடு வரும் நோய்க்கிருமிகளைப் பிடித்து உண்கிறது. நன்றாக முதிர்ந்த படலம் பாக்டீரியாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நீக்கிவிடும். படலம் தடித்துத் தண்ணீர் இறங்குவது மந்தமானால், தொட்டியை வடித்து, மேல்மணலில் ஓரிரு சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்து, மறுபடி முதிர விடுவார்கள். மருந்தும் மின்சாரமும் கேட்காத, பொறுமையை மட்டும் கேட்கும் கருவி இது.

இந்தக் கருவியின் வலிமையை உலகுக்குக் காட்டிய இடம் ஜெர்மனி. 1892இல் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி வெடித்து, சில வாரங்களில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஹாம்பர்க்கை ஒட்டியே ஆல்டோனா என்ற இன்னொரு நகரம். இரண்டு நகரங்களுக்கும் எல்பே ஆறுதான் குடிநீர். ஹாம்பர்க் ஊருக்கு மேல்புறத்தில் எடுத்த தண்ணீரை வடிகட்டாமல் கொடுத்தது. ஆல்டோனாவோ ஊருக்குக் கீழ்ப்புறத்தில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு எடுத்தது. ஆனால் மெதுமணலில் வடிகட்டிக் கொடுத்தது. அதிக அழுக்கான தண்ணீரை எடுத்த ஆல்டோனா பெருமளவு தப்பித்தது. இரண்டு நகரங்களும் தொடும் எல்லைத் தெருவில் ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் நோய், ஆல்டோனா பக்கத்து வீடுகளில் நோய் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாவின் குழாயில் தண்ணீர் பெற்ற ஒரு குடியிருப்பும் தப்பித்தது. ஜெர்மன் கிருமியியல் அறிஞர் இராபர்ட் கோக் இதை நேரில் ஆராய்ந்தார். அதே மண், அதே காற்று, அதே வகை மக்கள், அதே வகை வேலை. மாறியது தண்ணீர் வந்த வழி மட்டும். துர்க்காற்றும் மண்ணின் ஆவியும்தான் வாந்திபேதிக்குக் காரணம் என்று இந்தியாவின் சுகாதார அதிகாரிகள் பலர் பிடிவாதமாக நம்பிய காலத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை. நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. நோயின் எல்லையை வரைந்தது நகராட்சியின் வரைபடம் அல்ல, குழாயின் வரைபடம். இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வடக்கே பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

இப்போது மறு பாதிக்கு வருவோம். மேட்லியின் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது ஏறக்குறைய 114 லிட்டர் தண்ணீர் கொடுக்கக் கணக்கிட்டது. பொறியாளர்களின் வழக்கமான கணக்குப்படி, வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். ஆளுக்கு 91 லிட்டர். 1911 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 5,18,660. அத்தனை பேருக்கும் திட்டமிட்ட அளவு தண்ணீர் போயிருந்தால், நாள்தோறும் 4.7 கோடி லிட்டர் கழிவுநீர் எங்கேயாவது போயாக வேண்டும். போவதற்குப் பாதாளச் சாக்கடை வேண்டும். அதை இந்த ஊரில் போடுவது எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சாக்கடைக் குழாயில் நீர் வினாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்துக்குக் குறைந்தால் மணலும் மலமும் அடியில் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அந்த வேகம் கிடைக்க, தெருவில் பதிக்கும் ஆறங்குலக் குழாயை 150 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரித்துப் போட வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் குழாய் ஆறு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கடலோர நிலம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். சிறிது தோண்டினாலே மணல் சரியும், நிலத்தடி நீர் ஊறும். எனவே கொஞ்ச தூரத்துக்கு ஒரு பம்பிங் ஸ்டேஷன் கட்டி, இறங்கிய கழிவுநீரை மேலே தூக்கி, மறுபடி சரிவில் விட வேண்டும். தண்ணீர் கொண்டுவருவதைவிடக் கழிவை வெளியேற்றுவது இங்கே கடினமான பொறியியல். கடினம் என்பதாலேயே அது எப்போதும் பின்னுக்குப் போனது. தண்ணீர்க் குழாய் திறப்புக்குக் கூட்டம் கூடும், கல்வெட்டு வைப்பார்கள். மண்ணுக்கு அடியில் ஆறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் சாக்கடைக்குக் கல்வெட்டு வைப்பவர் குறைவு.

பாதி வேலை என்பது பாதி நன்மை தரும் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். சுகாதாரத்தில் அப்படி இல்லை. சாக்கடை இல்லாத இடத்துக்குத் தண்ணீர் மட்டும் வந்தால், முன்பு காய்ந்து கிடந்த தெரு எப்போதும் ஈரமாக இருக்கும். தேங்கிய கழிவுநீரில் க்யூலெக்ஸ் கொசு பெருகும். யானைக்கால் நோயின் புழுவைப் பரப்புவது அந்தக் கொசு. தண்ணீரோ நாள் முழுதும் வருவதில்லை, வரும் நேரத்தில் பிடித்து வைத்தாக வேண்டும். தொட்டியும் டிரம்மும் மூடாத கிணறும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்கு வீடாகின்றன. நகர்ப்புற மலேரியாவைப் பரப்புவது இந்தக் கொசு. அதற்கு அழுக்கு நீர் வேண்டாம், தெளிந்த நீரே போதும். அதே தொட்டிகளில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடுகிறது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் காடுகளிலிருந்து வராமல் சென்னை நகரத்திலிருந்தே வந்ததற்கு இதுதான் காரணம். வெளியேறாத நீர் ஒரு கொசுவையும், தொடர்ந்து வராத நீர் இன்னும் இரண்டு கொசுக்களையும் வளர்க்கிறது. கடற்கரை மணலுக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படுகையாக நிற்கும். அந்தப் படுகையில் கிணறு தோண்டி, பக்கத்திலேயே கழிப்பறைக் குழியும் வெட்டினால், குழியின் அடி நேராக நிலத்தடி நீரைத் தொடும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீட்டின் மொத்த நீளமே 15 மீட்டர் இருப்பதில்லை.

இனி எல்லைக் கோட்டின் கதை. மேட்லியின் குடிநீர்த் திட்டமும் 1910ஐ ஒட்டி வகுக்கப்பட்ட பாதாளச் சாக்கடைத் திட்டமும் 1961இல் சென்னையின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று எதிர்பார்த்தன. ஐம்பது ஆண்டு முன்னோக்கிப் பார்த்த திட்டம் என்று பாராட்டலாம். ஆனால் 1931 கணக்கெடுப்பிலேயே 6,47,230 பேர் வந்துவிட்டார்கள். 1941இல் 7,77,481. ஐம்பது ஆண்டுக்குத் தைத்த சட்டை முப்பது ஆண்டுக்குள் கிழிந்துவிட்டது. கூடிய மக்களில் பெருந்தொகையினர் வேலை தேடி வந்தவர்கள், வேலை இருந்ததோ வடக்கே. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையமும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் சீரமைத்த துறைமுகமும் வடகரையைத் தொழில் கரையாக்கின. 1923இல் ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலை அமைத்தது. விம்கோ நகர் அதன் பெயரைத் தாங்கி வளர்ந்த ஊர். சுதந்திரத்தை ஒட்டி எண்ணூரில் வாகனத் தொழிற்சாலையும், பிறகு மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்தன. தொழிற்சாலை எல்லையைத் தாண்டியது, குழாய் தாண்டவில்லை. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணையும் வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை வலை அங்கே விரிய இந்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நகரத்தின் குப்பைக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் கொடுங்கையூர் இடமானது, அனல்மின் நிலையத்தின் சாம்பலுக்கு எண்ணூர் இடமானது. நகரத்துக்குத் தேவையான உழைப்பும் நகரத்துக்கு வேண்டாத கழிவும் ஒரே நிலத்தில் சேர்ந்தன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகருக்கு வந்தது மகிழ்ச்சிக்குரியது. மேட்லியின் கீழ்ப்பாக்கம் நிலையம் திறந்து அப்போது 107 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு மக்களின் பழக்கம் பற்றியது. கை கழுவாமல், வெளியில் மலம் கழித்து, சாக்கடையில் குப்பை கொட்டிவிட்டு அரசைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். பழக்கம் முக்கியம்தான். ஆனால் பழக்கத்துக்குத் தண்ணீர் வேண்டும். போய்த் தண்ணீர் எடுத்துத் திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் வீடுகளில் தண்ணீர்ப் பயன்பாடு சட்டென்று குறைந்துவிடுவதை உலகெங்கும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடுத்துவந்த ஐந்து குடத்தைச் சமையலுக்கும் குடிக்கவும் ஒதுக்கியபின், கை கழுவ மிஞ்சுவது சொற்பம். விம்கோ நகரின் பெயரோடு ஒட்டிய தீக்குச்சியே இதற்கு நல்ல சான்று தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. பலர் முகம் சிதைந்து இறந்தார்கள். பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள், சாப்பிடுமுன் கை கழுவு என்று ஆலைகள் பல்லாண்டு அறிவுரை சொல்லிப் பார்த்தன, நோய் நிற்கவில்லை. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. 1913இல் இந்தியாவிலும் தடைச் சட்டம் வந்தது. ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸ் தீப்பெட்டியின் உரசும் பக்கத்துக்குப் போனது, குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் கலவை மட்டும் நின்றது. திருவொற்றியூர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்தக் கொடுமையைப் பார்க்காமல் தப்பியது அவர்களுடைய பல் துலக்கும் பழக்கத்தால் அல்ல. ஆலை வருவதற்கு முன்பே நஞ்சை மூலத்தில் நிறுத்திய சட்டத்தால். தீக்குச்சியில் ஒப்புக்கொண்ட நீதியைச் சாக்கடையில் மறுப்பது ஏன்?

இரண்டாவது மறுப்பு மருத்துவத்தின் பெயரால் வருகிறது. நோய்கள் குறைந்தது தடுப்பூசியாலும் மருந்தாலும்தான், குழாயால் அல்ல என்பார்கள். அம்மை நோய்க்கு இது முழு உண்மை. அதில் சென்னைக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரால் 1899இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையம் அம்மைத் தடுப்பு மருந்து தயாரித்துக் கொடுத்தது. ஆனால் வாந்திபேதிக்கு அக்காலத்தில் இருந்த ஊசி சில மாதங்களுக்கு, அதுவும் அரைகுறையாகத்தான், காத்தது. டைபாய்டுக்கு நல்ல மருந்து வந்தது 1940களின் இறுதியில். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஐரோப்பிய நகரங்களில் இவ்விரு நோய்களும் அடங்கத் தொடங்கிவிட்டன. அடக்கியவை வடிகட்டியும் சாக்கடையும். ஹாம்பர்க்கே நோய் வெடித்ததற்கு அடுத்த ஆண்டு, 1893இல், மணல் வடிகட்டிகளைத் திறந்தது. சென்னைக்கு இதில் பிற்காலப் பாடம் ஒன்றும் இருக்கிறது. 1992இன் பிற்பகுதியில் வாந்திபேதிக் கிருமியின் புதிய வகை ஒன்று, ஓ139 என்று பெயர் பெற்றது, சென்னையில் முதலில் தென்பட்டு வங்காள விரிகுடாக் கரையெங்கும் பரவியது. பழைய வகைக்கு மக்கள் உடலில் வளர்ந்திருந்த எதிர்ப்பாற்றல் இந்தப் புதிய வகையின் முன் பயன்படவில்லை. எத்தனை வேடம் போட்டாலும் அந்தக் கிருமி பரவும் வழி ஒன்றுதான்: ஒருவர் குடலிலிருந்து வெளியேறி, தண்ணீரில் அல்லது உணவில் கலந்து, இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும். மருந்து கிருமிக்குக் கிருமி மாறும். குழாய் அந்த ஒரே வழியை அடைக்கிறது.

மூன்றாவது மறுப்பு மதிப்புக்குரிய ஒருவரிடமிருந்து வந்தது. ஸ்காட்லாந்து நாட்டு உயிரியலாளரும் நகரமைப்பு அறிஞருமான பேட்ரிக் கெட்டிஸ், 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தி, மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். ஐரோப்பியச் சாக்கடையை அப்படியே கொண்டுவந்து ஏழை ஊர்களின் கஜானாவைக் காலியாக்குவதை அவர் எதிர்த்தார். கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதைக் கண்டித்தார். குளத்தில் மீனும் வாத்தும் இருந்தால் கொசுப்புழு தானே குறையும் என்றார். குளம் பற்றி அவர் சொன்னது சரி என்பதைப் பின்னாளில் சென்னையின் ஒவ்வொரு வெள்ளமும் ஒவ்வொரு வறட்சியும் நிரூபித்தன. ஊருக்கு ஊர் மண் வேறு, தீர்வும் வேறாக வேண்டும் என்ற அவர் கொள்கையும் சரி. அந்தக் கொள்கையை வைத்தே வடசென்னையைப் பார்த்தால், அங்கே வேறு வழி குறைவு என்று தெரியும். மண் பரந்து, நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் கிராமத்தில் கழிவை உரக்குழியிலும் தோட்டத்திலும் விடலாம். வீட்டோடு வீடு ஒட்டி, ஒரு ஆள் ஆழத்தில் நீர் ஊறும் கடற்கரை மணலில் கழிவைப் போட மண்ணில் இடம் இல்லை. அது மூடிய குழாயில் வெளியேறித்தான் ஆக வேண்டும். வெளியேறிய கழிவைப் பகுதிக்கொரு சிறு நிலையத்தில் சுத்திகரித்துத் தொழிற்சாலைக்கே திருப்பித் தரலாம் என்பது கெட்டிஸின் சிந்தனைக்கு இசைந்த இன்றைய வழி. செலவைப் பொறுத்தவரை, குழாய் போடாததும் செலவுதான். அந்தச் செலவை மருத்துவமனைச் சீட்டாகவும் இழந்த கூலியாகவும் குடும்பங்கள் தங்கள் கையிலிருந்து கட்டுகின்றன. மாநகராட்சிக் கணக்கில் அது எழுதப்படுவதில்லை.

குழாய் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. குடிநீர்க் குழாயின் ஒரு இணைப்பை நெருங்கிப் பார்த்தால் ஏன் என்று புரியும். குழாய்க்குள் எப்போதும் அழுத்தம் இருந்தால், இணைப்பில் சிறு விரிசல் இருந்தாலும் உள்ளிருக்கும் நீர் வெளியே கசியும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. விட்டுவிட்டுத் தண்ணீர் கொடுக்கும்போது அழுத்தம் பூஜ்யமாகிறது. குழாய் வடியும் வேகத்தில் உள்ளே உறிஞ்சு விசை உண்டாகி, அதே விரிசல் வழியாகச் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அருகிலேயே அடைத்த சாக்கடை கசிந்துகொண்டிருந்தால், உள்ளே போவது மலநீர். வீடுகளில் குழாயோடு மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் அந்த விசை இன்னும் கூடும். கீழ்ப்பாக்கத்தில் எவ்வளவு அருமையாக வடிகட்டினாலும், கடைசித் தெருவில் அந்த உழைப்பு வீணாகிறது. இரண்டு பாதிகளும் ஒரே கருவி என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை: சாக்கடை கெட்டால் குடிநீர் கெடும். சாக்கடைக்குள்ளும் ஒரு வேதியியல் நடக்கிறது. நம் வெப்பத்தில் கழிவுநீர் தேங்கினால், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றுகின்றன. அந்த வாயு சிமெண்ட் குழாயின் மேற்புறத்தை அரிக்கிறது. அடைப்பெடுக்க இறங்கும் தொழிலாளியை ஓரிரு மூச்சில் வீழ்த்துகிறது. கையால் மலம் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டங்கள் தடை செய்தன. அதன்பிறகும் தமிழ்நாட்டில் மனிதர்கள் சாக்கடைக் குழிக்குள் இறங்கி இறந்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் எடுப்புக் கக்கூஸைச் சுமந்த அதே சமூகங்கள்தான் இன்று பாதாளக் குழியில் மூச்சடைக்கின்றன. தேங்காத சரிவும், போதிய பம்பும், அடைப்பெடுக்கும் இயந்திரமும் அவர்கள் உயிரைக் காக்கும் கருவிகள். இவை இல்லாத சாக்கடையைச் சுகாதாரத் திட்டம் என்று அழைக்க நமக்கு உரிமை இல்லை.

சட்டமும் அறிவும் நம்மிடம் பற்றாக்குறையாக இருந்ததில்லை. பொது சுகாதாரத்துக்கெனத் தனித் துறையை 1922இலேயே ஏற்படுத்திய மாகாணம் இது. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தபோது, இந்தியாவில் அப்படி ஒரு முழுமையான சட்டம் வேறு எங்கும் இல்லை. 1920இல் மாநகராட்சித் தலைவராக இருந்த வடசென்னைக்காரர் தியாகராயர், பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போட்டால்தான் படிப்பு ஏறும் என்று உணர்ந்து மதிய உணவைத் தொடங்கினார். நலத்தை அடியிலிருந்து கட்ட வேண்டும் என்ற அந்தப் புரிதல் இந்த மண்ணுக்குப் பழையது. குறையாக இருந்தது ஒன்றுதான்: நகரத்தின் சுகாதாரத்தை அதன் நடுவில் அளக்காமல் அதன் கடைசித் தெருவில் அளக்கும் மனம். எனவே கேட்க வேண்டியவை தெளிவானவை. புதிய குடிநீர் இணைப்பு எந்தத் தெருவுக்குப் போனாலும், அதே ஒப்பந்தத்தில் கழிவுநீர் இணைப்பும் போக வேண்டும். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும்படி வழங்கல் அமைய வேண்டும். அதைத் தொடங்குவதற்கு முதல் இடமாக நகரத்தின் வடக்கு முனையை எடுக்க வேண்டும். தெருவாரியாகத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைத் தமிழில், அந்தந்தத் தெருவில், மாதந்தோறும் ஒட்ட வேண்டும். எந்த மனிதனும் சாக்கடைக்குள் இறங்கக் கூடாது. எண்ணூர் முகத்துவாரத்தில் விடப்படும் ஒவ்வொரு கழிவுக்கும் விட்டவர் பொறுப்பேற்க வேண்டும். விம்கோ நகரில், திருவொற்றியூரில், எண்ணூரில் வாழும் வாசகர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் அடுத்த முறை தண்ணீர் கேட்கும்போது, அது வெளியேறும் வழியையும் சேர்த்தே கேட்க வேண்டும். 1872இல் கேட்கத் தவறிய அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு, பதில் வரும் வரை விடாமல் நிற்பதுதான் வடசென்னைக்கு இன்று தேவையான முதல் மருத்துவம்.